அம்மாவின் இடத்தில் ஒரு வருடம்

ஜூன் 7

இந்த நோட்டின் அட்டை தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. கடைக்குப் போகாது என்று அச்சகத்தில் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள், அம்மா எனக்குக் கொடுத்தார். உள்ளே தாள் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்துக்குக் கலந்தாய்வு. இடங்கள் ஐம்பது. தரவரிசையில் நான் நாற்பத்தொன்று. பத்து மணிக்கு நான் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கனம் தூக்கக் கூடாது, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் வேலையே நாள் முழுக்க உட்காருவதுதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள் சேர்க்கும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறார்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் உடம்புக்கு முடியாமல் நின்றால், அவள் சொல்லி அனுப்பும் இன்னொருத்தி வந்து உட்காரலாம். அவள் திரும்பி வரும்வரை இடம் அவளுடையதாகவே இருக்கும். விடுப்பு முடிந்தும் ஆள் வராவிட்டால் ஒரு வாரத்தில் இடம் போய்விடும். வந்த ஆள்மேல் ஒரு குற்றம் வந்தாலும் போய்விடும்.

“ஒரே ஒரு வருஷம், சங்கரி,” என்றார் அப்பா. “ஒங்கம்மா எடத்துல போய் உக்காரு. ஒம்மேல ஒரு சொல்லு வராமப் பாத்துக்க. அடுத்த ஜூன்ல நானே ஒன்னைய பஸ்ஸேத்திக் கூட்டிப்போய் காலேஜ் வாசல்ல விடுறேன்.”

“நெசமாப்பா?”

“எழுதியா தர முடியும்? விடுறேன்னா விடுவேன்.”

அவர் எழுதித் தரவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 9

கிளை நூலகத்தில் பழைய நாளிதழ் இணைப்பு ஒன்றில் ஒரு கட்டுரை கிடைத்தது. வெளிநாட்டில் பள்ளி முடித்த பிள்ளைகள் பலர் உடனே கல்லூரிக்குப் போவதில்லையாம். ஒரு வருடம் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள், வேலை செய்கிறார்கள், புது மொழி கற்கிறார்கள், சேவை செய்கிறார்கள். அதற்கு ‘இடைவெளி ஆண்டு’ என்று பெயர். வசதி இல்லாதவர்களும் குறைந்த செலவில் எப்படிச் செய்யலாம் என்று ஒரு பக்கம் முழுக்க யோசனைகள் இருந்தன. எழுதிக்கொண்டு வந்தேன்.

படித்ததும் எனக்கு ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. எனக்கு நடந்திருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது! வேலை அனுபவம் என்பது அச்சகத்திலேயே கிடைத்துவிடும். மொழிக்கு நூலகத்து ஆங்கிலப் புத்தகங்கள் போதும். சேவைக்கு, தெருப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். தட்டச்சு வகுப்பு அம்மா எழுந்து நடமாடிய பிறகு. பயணத்துக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. கன்னியாகுமரி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “கன்னியாகுமரிக்கு நடந்தா போவ?” என்று கேட்டுவிட்டு, சிரித்தால் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வாரம் இரண்டு புத்தகம் என்று வைத்தால் ஒரு வருடத்தில் நூற்று நான்கு.

ஜூன் 10

முதல் நாள். காது இன்னும் இரைகிறது. உள்ளே நாலு இயந்திரம் ஓடினால் பேசுபவரின் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். மை வாசனை தலைமுடிவரை ஏறுகிறது.

என்னை மேசைக்குக் கூட்டிப்போனவர் குருவம்மா அத்தை. அம்மாவும் அவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் மதினி என்பார்கள். அவர் கணவர் இறந்து ஏழு வருடம். ஒரே மகள் மாரிச்செல்வி, ப்ளஸ் ஒன். சேர்த்த கட்டுகளைச் சரிபார்ப்பது அத்தையின் வேலை. கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை ஓடவிடுவார். ஒரு தாள் கூடினாலும் குறைந்தாலும் விரல் நின்றுவிடும் என்கிறார்கள்.

சூப்பர்வைசர் தனுஷ்கோடி அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். “சுந்தரம்மா மகளா? படிச்ச புள்ளையாமே. படிச்ச புள்ளைகளுக்குக் கை ஓடாதே.”

“கை ஓடும் அண்ணாச்சி, வாய்தான் ஓடாது. அந்த மட்டுக்கும் ஒங்களுக்கு லாபம்,” என்றார் அத்தை.

மேசையே சிரித்தது. இப்போது பள்ளி நோட்டுகள் சேர்க்கிறோம். ஆடி பிறந்ததும் காலண்டர் வேலை வந்துவிடுமாம்.

ஜூன் 28

முதுகு. வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை இன்றுதான் வெளியிடுவார்கள். முதலாளி பூசை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். எங்கள் ஊரில் மட்டும் அடுத்த வருடம் ஐந்து மாதம் முன்னாலேயே வந்துவிடுகிறது என்று நினைத்தேன். அந்த வருடத்தின் ஜூன் மாதத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு தேதியில் நான் கல்லூரிக்குப் போவேன். எந்தத் தேதி என்று தெரியவில்லை, அதனால் எல்லாத் தேதிகளையும் நன்றாகப் பார்த்துவைத்தேன்.

ஆகஸ்ட் 19

தினசரிக் காலண்டர் சேர்ப்பது இப்படி. நீளமான மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்தி முன்பும் ஒரு மாதம். ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிக் கட்டு. ஒன்றாம் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கி, பக்கத்துப் பெண்ணிடம் தள்ள வேண்டும். அவள் தன் மாதத்தைச் சேர்த்து அடுத்தவளிடம். டிசம்பர்வரை போனால் ஒரு வருடம் முடிந்தது. அதைக் கம்பி அடித்துத் தகரம் மடித்து அட்டையில் ஏற்றுவது அடுத்த கூடத்தில்.

பிப்ரவரிக்குத்தான் போட்டி, இருபத்தெட்டுத் தாள்தானே. அதனால் தினமும் மாதம் மாறும். இன்று ஜனவரி என்றால் நாளை பிப்ரவரி. யார் எந்த நாளில் எந்த மாதம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பாக்கியத்தக்கா எனக்கு எதிரே இருப்பவர். “புள்ள, ஒங்கையில இருக்குற நவம்பர்ல நல்ல முகூர்த்தம் ஏதாச்சும் இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யி,” என்றார்.

“ஒனக்கு மூணு புள்ள இருக்கு, இன்னும் எதுக்கு முகூர்த்தம்?” என்றார் குருவம்மா அத்தை.

“முதத் தடவ நாள் சரியா அமையல மதினி.”

செப்டம்பர் 15

ஞாயிறு. தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். பின்னக் கணக்கு. மாரிச்செல்வியும் வந்தாள், வேதியியல் கேட்க. என்னைவிடக் கையெழுத்து அழகு. நர்சிங் படிக்கப் போகிறாளாம். என் இடைவெளி ஆண்டுப் பட்டியலைக் காட்டினேன். “இவ்வளவும் ஒரு வருஷத்துலயாக்கா?” என்று வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

இதுவரை படித்த புத்தகங்கள் இருபத்தொன்று. கணக்குப்படி இருபத்தெட்டு வந்திருக்க வேண்டும். வேலை முடிந்து சமைத்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டால் கண் செருகிவிடுகிறது.

அக்டோபர் 4

நேரம் கிடைப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இந்த வாரமே இருபத்தாறு, இருபத்தேழு என்று ஏறிவிட்டது. கட்டுரையில் எழுதியிருந்தது சரிதான், வழி தேடுபவருக்குச் செலவில்லாத வழி உண்டு.

அக்டோபர் 22

இன்று எனக்கு மே மாதம். ஒரு பெரிய துணிக்கடையின் காலண்டர், அட்டையில் பட்டுப்புடவைப் பெண்.

நூலகத்தில் எடுத்த கப்பல் நாவலின் கடைசி எழுபது பக்கங்களையும் முடித்துவிட்டேன். கப்பல் கரை சேர்ந்தது, மாலுமிகளில் பாதிப் பேர் சேரவில்லை. நாளைதான் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். நல்லவேளை.

சாயங்காலம் கழிவுத்தாள் சாக்கை நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினேன். அது பாக்கியத்தக்கா முறை. “என்ன புள்ள, இன்னைக்கு மழ வரும் போலயே,” என்று சிரித்தார்.

மழை வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தலைவலியாக இருக்கும்.

அக்டோபர் 23

இன்று ஜூன். ஒவ்வொரு தாளையும் எண்ணி வைத்தேன். “என்ன இன்னைக்கு ஆமை மாதிரி?” என்று அண்ணாச்சி சத்தம் போட்டார்.

அக்டோபர் 25

துணிக்கடைக் கட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. குருவம்மா அத்தை விரல் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரி என்று சீட்டுப் போட்டார். அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சுக்குக் காப்பி குடித்துக் குடித்துத்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரி என்று அவரே சொல்லிவிட்டார்.

நவம்பர் 12

தட்டச்சு வகுப்பு விசாரித்தேன். நான் வேலையிலிருந்து வரும் நேரத்தில் அவர்கள் கதவைப் பூட்டுகிறார்கள்.

சில நாட்களாகப் புத்தகம் எடுக்கவில்லை. நூலகர் அம்மா கேட்டார். கண் வலி என்றேன்.

டிசம்பர் 12

மெதுவாக எழுதுகிறேன், எல்லாவற்றையும் சரியாக எழுத வேண்டும் என்பதற்காக.

துணிக்கடை முதலாளி தன் மகளுக்கு மே மாதத்தில் கல்யாணம் குறித்திருக்கிறார். தன் கடைக் காலண்டரிலேயே அந்தத் தாளைப் பார்க்கலாம் என்று புரட்டியிருக்கிறார். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு இருந்திருக்கிறது. அவர் மகளின் கல்யாண நாள் இல்லை. அபசகுனம் என்று வீட்டில் பெண்கள் அழுதிருக்கிறார்கள். வேறு காலண்டர்களையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பலவற்றில் இல்லை. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

“அன்னைக்கு மே யாரு?” என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி.

சரிபார்ப்புச் சீட்டை மேசைமேல் போட்டார்.

“ஊமையாயிட்டீகளா எல்லாரும்? ரெண்டு மாசத்துக்கு முந்தி நடந்தது, மறந்துருமா?”

“தெனமும் மாறுது அண்ணாச்சி. நேத்து எனக்கு எந்த மாசம்னே எனக்குத் தெரியாது,” என்றார் பாக்கியத்தக்கா.

“அப்ப குருவம்மா, நீ சொல்லு. சீட்டுல ஒங் கையெழுத்துதான இருக்கு?”

“என் கையெழுத்துதான்.”

“யாரு மேன்னு சொல்லு. இல்லேன்னா ஒம்மேலதான் வரும். முதலாளி ஒரு ஆளக் கேக்குறாரு.”

அத்தை மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கு வந்தபோது நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

“எனக்கு ஞாபகம் இல்ல. பாத்து விட்டது நானு. எம்மேலயே எழுதிக்கோங்க,” என்றார்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பதினொன்றரை மணிக்குப் போய்விட்டார். அவருடைய பதினான்கு வருடமும் அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா கேட்டார். “ஒம்மேல ஒண்ணும் இல்லையே?”

“இல்லப்பா.”

“அதான் வேணும். இன்னும் ஆறு மாசம்.”

அன்று யார் மே என்று யாருக்கும் நினைவில்லை. நான் இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டவில்லை.

டிசம்பர் 13

அத்தையின் விரல்தான் தவறவிட்டது. சரிபார்ப்பவர் என்று ஒருவர் இருப்பதே அதற்காகத்தானே. இதை நான் சொல்லவில்லை, மேசையில் பேசிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 6

அம்மாவுக்கு உள்தையல் விட்டுவிட்டது. தண்ணீர்க் குடத்தை நகர்த்தியிருக்கிறார். மறுபடியும் மதுரை.

ஜனவரி 20

குருவம்மா அத்தை அம்மாவைப் பார்க்க வந்தார். மற்ற அச்சகங்களில் இது காலண்டர் முடிந்த காலம், ஆள் எடுப்பதில்லை. கிழக்கே ஒரு பட்டாசு ஆபீசில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். உள்ளங்கை முழுக்க வெள்ளிப் பொடி.

“பாருங்க மதினி, கையெல்லாம் வெள்ளி. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு போடல.”

“சிரிக்காத. அங்கிட்டுப் போகாதன்னு எத்தன தடவ சொன்னேன்,” என்றார் அம்மா.

“மாரிச்செல்வி ஒரு வருஷம் தாண்டிட்டா போதும் மதினி. பெறகு நர்சம்மா எனக்கு ஊசி போட்டுக்கிட்டே சோறும் போடுவா.”

நான் காப்பி கொடுத்தேன். “எத்தன புத்தகம் ஆச்சு?” என்று கேட்டார். நாற்பதில் நிற்கிறது என்றேன். “நிறுத்தாத,” என்றார். அவர் போனபிறகு தம்ளரைக் கழுவியபோது விளிம்பில் வெள்ளி ஒட்டியிருந்தது, தேய்த்துத் தேய்த்துத்தான் போனது.

அவரிடம் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார்.

பிப்ரவரி 23

ஞாயிறு. அத்தை வீட்டுத் தெருமுனைவரை போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார், கையில் சோப்பு. வேலையாக இருக்கும்போது பேசக்கூடாது என்று திரும்பிவிட்டேன். ஜூன் வந்து கல்லூரியில் சேர்ந்த மறுநாளே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு யாராலும் எதையும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

எதைச் சொல்வது என்று இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 17

அம்மாவுக்கு இரண்டாவது அறுவை. இந்தமுறை தையல் விட்ட இடத்தில் வலை வைத்துத் தைத்திருக்கிறார்களாம். இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. அப்பா ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஜூனைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏப்ரல் 9

மதியம் இரண்டே காலுக்குச் சத்தம் கேட்டது. முதலில் ஜன்னல் தகரம் அதிர்ந்தது, பிறகு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் மேசையில் எல்லாருக்கும் ஒரே வேலைதான். யார் வீட்டு ஆள் எந்தத் திசையில் என்று மனசுக்குள் எண்ணுவது.

“கெழக்க,” என்றார் பாக்கியத்தக்கா.

யாரும் பெயரைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

ஏழு பேர். அத்தை நாலாவது பெயர். செய்தித்தாளில் வயதைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள்.

முகத்தைக் காட்டவில்லை. துணியால் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாரிச்செல்வி அழவில்லை. “எங்கம்மாதானா, எப்படித் தெரியும்?” என்று ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவர் தூக்குவாளியைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தனுஷ்கோடி அண்ணாச்சி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார்.

ஏப்ரல் 11

ஒன்றுமில்லை.

மே 17

எங்கள் வீட்டுக் காலண்டரில் இந்தத் தாள் இருக்கிறது. இன்று முழுக்க அது சுவரில் இருந்தது.

மே 30

தரவரிசை வந்துவிட்டது. முப்பத்தெட்டு. போன வருட மதிப்பெண்தான், இந்த வருடம் மூன்று பேர் குறைவு. கலந்தாய்வுக்குப் போய் இடம் வாங்கி வைத்துக்கொள் என்றார் அப்பா. வகுப்பு தொடங்குவது ஜூன் முப்பது. ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“ஒங்கம்மா எடத்துக்கு ஒரு ஆளப் பாரு. பதினஞ்சு வருசத்து எடம். நம்ம சொல்லி அனுப்புற ஆளா இருக்கணும், அம்மாவுக்குச் சரியானதும் எந்திரிச்சு எடத்தக் குடுக்குற ஆளா இருக்கணும். கெடச்சா நீ போ. கெடைக்கலேன்னா…”

“இன்னும் ஒரு வருஷமாப்பா?”

“நான் என்ன வேணும்னா சொல்றேன்?” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 5

கலந்தாய்வு. ஆங்கில இலக்கியம் கிடைத்துவிட்டது. பேராசிரியர் ஒருவர் என் சான்றிதழைப் பார்த்து, “ஒரு வருடம் என்ன செய்தாய்?” என்று கேட்டார். இடைவெளி ஆண்டு என்று சொல்ல வாய் திறந்தேன். “வேலை பார்த்தேன், ஐயா,” என்றுதான் வந்தது.

ஜூன் 12

ஆறு வீடு ஏறி இறங்கினேன். பாக்கியத்தக்காவின் நாத்தனார் வருவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள். இன்னொரு பெண் ஒரு தடவை இடத்தில் உட்கார்ந்தால் எழ மாட்டாள் என்று அம்மா பயப்படுகிறார். இன்னும் பதினெட்டு நாள்.

ஜூன் 22

ஞாயிறு. காலையில் மாரிச்செல்வி வந்தாள். மெலிந்திருக்கிறாள். ஏப்ரலிலிருந்து அவள் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

“அக்கா, ஒங்க எடத்துக்கு ஆள் தேடுறீகளாமே. நான் வாரேன்.”

“ஒனக்குப் பள்ளிக்கூடம் தெறந்து மூணு வாரமாச்சு. பன்னெண்டாவதுல்ல.”

“போகலக்கா. சித்திக்கும் ரெண்டு புள்ள. சும்மா உக்காந்து எத்தன நாளைக்குத் திங்குறது?”

“நிவாரணம் வரும்னாங்களே.”

“வரட்டும். வந்தா பெறகு பாப்போம்.” பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், “ஒரு வருஷந்தானக்கா? நீங்களும்தான் போனீக. அதுக்கு என்னமோ ஒரு பேரு சொன்னீகளே. நானும் அப்பிடிப் போயிட்டு அடுத்த வருஷம் பரிச்ச எழுதிக்கிறேன்,” என்றாள்.

அப்பா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது! அண்ணாச்சிக்கு உடனே போன் செய்தார். “குருவம்மா மகளா? தாராளமா வரட்டும்,” என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது.

வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மாரிச்செல்வியைத் தெருக்குழாய்ப் பக்கம் கூட்டிப்போனேன். கட்டுகளை எப்படி வரிசையாக வைப்பது, விரலை எப்படி நனைப்பது, எப்படி மணிக்கட்டை வளைக்காமல் எடுப்பது எல்லாம் சொன்னேன். “மேசைக்குப் புத்தகம் மட்டும் கொண்டுபோகாத,” என்றேன்.

“புத்தகமா? அங்க எதுக்குக்கா புத்தகம்?”

இந்த நோட்டில் நான் இதுவரை எழுதாததை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து நான் மேசையில் படித்தேன். புத்தகத்தை விரித்துக் கட்டுகளுக்கு நடுவில் சாய்த்து வைப்பேன், கை தானாக ஓடும். 22ஆம் தேதி அது பதினேழாம் தேதிக் கட்டின் மேல் இருந்தது. எழுபது பக்கம் முடித்துப் புத்தகத்தை எடுத்தபோது அடியில் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. மற்ற கட்டுகள் எல்லாம் தேய்ந்திருந்தன. அப்போதே எழுந்து சொல்லியிருந்தால் திரும்பப் பிரித்துச் சேர்த்திருப்பார்கள். அரைநாள் வேலை. திட்டியிருப்பார்கள், அம்மாவின் இடம் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் அந்தத் தாள்களைக் கழிவுச் சாக்கில் அடியில் வைத்து, நானே கொண்டுபோய்க் கொட்டினேன். டிசம்பரில் உங்கம்மா என்னைப் பார்த்தபோது நான் தலை நிமிரவில்லை.

கடைசி வரியை அவளிடம் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வி அதை இறுக்கி மூடினாள். மூடிய கையை எடுக்கவில்லை. அவள் என்னை அடிக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன்.

“ஒங்கப்பாட்ட சொல்லிட்டீகளா?” என்றாள் கடைசியில்.

“இல்ல. இன்னைக்கே சொல்றேன். அண்ணாச்சிட்டயும் சொல்றேன். ஒங்கம்மா பேர்ல இருக்குற பழியாவது போகும்.”

“சொல்லாதீக.”

“ஏன் மாரி?”

“சொன்னா ஒங்கம்மா எடம் போயிரும்ல?” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “அப்ப நான் எங்க போய் உக்கார?”

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தன மணிக்கு வரணும்?” என்று கேட்டாள்.

எட்டரை என்றேன்.

ஜூன் 30

எட்டே காலுக்கு மாரிச்செல்வியை அச்சக வாசலில் சந்தித்தேன். அப்பா எனக்கு முன்னாலேயே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

வாசலில் வருகை நோட்டு இருந்தது. பதிலுக்கு வருகிறவர்களுக்கு அதில் பெயர் கிடையாது, இடத்துக்குரியவளின் பெயருக்கு நேரேதான் கையெழுத்து. “சுந்தரம்மாள்னு போடணும்,” என்றேன். பேனாவை வாங்கி, குனிந்து, நிதானமாக எழுதினாள்.

அம்மா எழுதுவதைவிட, நான் ஒரு வருடமாக எழுதியதைவிட, அழகாக இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

“பஸ் போயிரும்க்கா,” என்றாள் மாரிச்செல்வி.

நான் ஓடிப்போய் ஏறினேன்.